ஆசிரியர் தகுதித் தேர்வு: தயாரிப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிப்பவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே தரப்பட்டுள்ளன. கட்டணம், விண்ணப்ப நாள் போன்றவை ஒவ்வோர் அறிவிக்கையிலும் மாறுவதால் அவற்றை விட்டுவிட்டுப் படிப்பைப் பற்றியே கூடுதலாகப் பேசியிருக்கிறோம்.

இந்தத் தேர்வு எதற்காக வந்தது? அதன் பின்னணியை அறிவதால் பயன் உண்டா?

6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கல்வியை உரிமையாக்கிய இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின் 23-ஆம் பிரிவு, ஆசிரியருக்கான குறைந்தபட்சத் தகுதிகளை வரையறுக்கும் அதிகாரம் பற்றிப் பேசுகிறது. அந்த அதிகாரத்தைப் பெற்ற தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குக் கற்பிக்கத் தகுதித் தேர்வில் தேர்ச்சி கட்டாயம் என்று 2010 ஆகஸ்ட் 23 அன்று அறிவிக்கை வெளியிட்டது. தமிழ்நாட்டில் முதல் தேர்வு 2012 ஜூலையில் நடந்தது. 150 வினாக்களுக்கு ஒன்றரை மணி நேரம் மட்டுமே தரப்பட்ட அத்தேர்வில் தேர்ச்சி பெற்றோர் மிகச் சிலரே. அதே ஆண்டு அக்டோபரில் மூன்று மணி நேரத் தேர்வாக மீண்டும் நடத்தப்பட்டது. அன்று முதல் மூன்று மணி நேரமே நிலைத்துவிட்டது.

பின்னணியை அறிவதால் ஒரு நேரடிப் பயன் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் விவரங்கள் வினாவாகவே வரக்கூடியவை. தொடக்க வகுப்புகளில் 30 மாணவருக்கு ஓர் ஆசிரியர், உயர்தொடக்க வகுப்புகளில் 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்னும் விகிதம். ஆண்டுக்கு முறையே 200, 220 வேலை நாள்கள். 800, 1000 கற்பித்தல் மணிகள். தயாரிப்பு நேரம் உட்பட வாரத்துக்கு 45 மணி ஆசிரியர் பணி. உடல்ரீதியான தண்டனையைத் தடை செய்யும் 17-ஆம் பிரிவு. தனியார் பள்ளிகளில் நலிவுற்றோருக்கு 25 விழுக்காடு இடம் ஆகியவற்றை ஒரே அமர்வில் படித்து முடித்துவிடலாம்.

தாள் 1, தாள் 2 ஆகியவற்றில் நான் எதை எழுத வேண்டும்?

1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்குக் கற்பிக்க விரும்புவோருக்குத் தாள் 1. 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குத் தாள் 2. தொடக்கக் கல்வியில் பட்டயப் படிப்பு முடித்தவர்கள் தாள் 1 எழுதுகிறார்கள். பட்டப்படிப்புடன் பி.எட். முடித்தவர்கள் தாள் 2 எழுதுகிறார்கள். இரண்டு தகுதிகளும் உள்ளவர்கள் இரண்டையும் எழுதலாம். பி.எட். பட்டத்தைக் கொண்டு தாள் 1 எழுத முடியுமா என்ற ஐயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. தொடக்க வகுப்புகளுக்கும் பி.எட். பட்டதாரிகளை அனுமதித்த 2018-ஆம் ஆண்டு அறிவிக்கையை உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் செல்லாது என அறிவித்துவிட்டதால், பட்டயப் படிப்பு இல்லாதவர்கள் தாள் 2-இல் கவனம் செலுத்துவதே முறை.

வினாத்தாள் எவ்வாறு அமைந்திருக்கும்?

இரு தாள்களிலும் 150 வினாக்கள், 150 மதிப்பெண்கள், மூன்று மணி நேரம். ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு விடைகள் தரப்பட்டிருக்கும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. தாள் 1-இல் குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும், முதல் மொழி, ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் ஆகிய ஐந்து பகுதிகளுக்கும் தலா 30 மதிப்பெண்கள். தாள் 2-இல் முதல் மூன்று பகுதிகளுக்குத் தலா 30. எஞ்சிய 60 மதிப்பெண்களுக்குக் கணிதமும் அறிவியலும், அல்லது சமூக அறிவியல். முதல் மொழியாகத் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், உருது ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

எத்தனை மதிப்பெண் எடுத்தால் போதும்? அதை வைத்து எப்படித் திட்டமிடுவது?

பொதுப்பிரிவினருக்கு 60 விழுக்காடு, அதாவது 90 மதிப்பெண்கள் தேவை. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 2014-இல் தமிழ்நாடு அரசு 5 விழுக்காடு தளர்வு அளித்தது. அதன்படி 82 மதிப்பெண்கள் தேர்ச்சிக்குரியவை ஆயின. தளர்வின் அளவு அரசாணையால் மாறக்கூடியது என்பதால், நீங்கள் எழுதும் தேர்வின் அறிவிக்கையில் உங்கள் பிரிவுக்கு என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதைப் படித்துக்கொள்ளுங்கள்.

திட்டமிடும்போது மறக்கக் கூடாத செய்தி ஒன்று உண்டு: பகுதிவாரியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் என்று எதுவும் கிடையாது. மொத்தம் மட்டுமே கணக்கு. ஆகவே, கணிதத்துக்கு அஞ்சுகிறவர் 30-க்கு 30 எடுக்கும் அளவுக்குக் கணிதத்தோடு போராடத் தேவையில்லை. அதேபோல், தமிழில் வலுவானவர் அதைத் திருப்பிப் பார்க்காமலே விட்டுவிடவும் கூடாது, ஏனெனில் 22-ஐ 26 ஆக்குவதற்கு ஆகும் உழைப்பு, பலருக்குக் கணிதத்தில் 12-ஐ 16 ஆக்குவதற்கு ஆகும் உழைப்பைவிடக் குறைவு.

தாள் 1 எழுதுபவர் ஒருவர் 90-ஐ அல்லாமல் 105-ஐ இலக்காகக் கொள்வது நல்லது. தேர்வறைப் பதற்றமும், விடைக்குறிப்பில் வரும் மாற்றங்களும் சில மதிப்பெண்களைக் கொண்டுபோகும். அந்த 105-ஐ தமிழில் 25, சூழ்நிலையியலில் 22, குழந்தை மேம்பாட்டில் 21, கணிதத்தில் 20, ஆங்கிலத்தில் 17 என்று பிரிக்கலாம். உங்கள் பலத்துக்கு ஏற்ப இந்த எண்கள் மாறும். படிக்கத் தொடங்கும் முன்பே பழைய வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதிப் பார்த்து, ஐந்து பகுதிகளிலும் இன்றைய நிலை என்ன என்று குறித்துக்கொண்டால், எந்தப் பகுதியில் எத்தனை மதிப்பெண் கூட வேண்டும் என்பது தெளிவாகும். இந்தக் கணக்கைப் போடாமல் முதல் பாடத்திலிருந்து வரிசையாகப் படிக்கத் தொடங்குபவர்கள், தங்களுக்குப் பிடித்த பகுதியிலேயே பாதிக் காலத்தைச் செலவிட்டுவிடுகிறார்கள்.

எந்த வகுப்புப் பாடநூல்கள் வரை படிக்க வேண்டும்?

தாள் 1-க்கு 1 முதல் 5 வரை, தாள் 2-க்கு 6 முதல் 8 வரை என்பதே பாடத்திட்டத்தின் அடிப்படை. ஆனால் வினாவின் கடினத்தன்மையும் தொடர்பும் தாள் 1-இல் உயர்நிலை வரையிலும், தாள் 2-இல் மேல்நிலை வரையிலும் செல்லலாம் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2011-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகள் கூறுகின்றன. இதைப் படித்துவிட்டு 12-ஆம் வகுப்பு வரையுள்ள அத்தனை நூல்களையும் மேசைமீது குவித்துக்கொள்பவர்கள் உண்டு. அது தேவையற்றது. தலைப்புதான் எல்லை, வகுப்பு அன்று. அணு அமைப்பு என்னும் தலைப்பு நடுநிலை வகுப்புகளில் தொடங்கி 9-ஆம் வகுப்பில் விரிகிறது என்றால், எட்டாம் வகுப்புப் பாடத்தைப் படித்த கையோடு ஒன்பதாம் வகுப்பில் அதே தலைப்பை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். நடுநிலை வகுப்புகளில் அறவே இல்லாத தலைப்புக்காக மேல்வகுப்பு நூலைத் திறக்க வேண்டியதில்லை.

நூல்களின் பதிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 2018-19, 2019-20 கல்வியாண்டுகளில் முழுமையாக மாற்றி எழுதப்பட்டன. பழைய சமச்சீர் நூல்களைக் கொண்டு தயாரித்த வழிகாட்டிகள் இன்றும் கைமாறிக் கொண்டிருக்கின்றன. பாடநூல்கள் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைப்பதால், நடப்புப் பதிப்பைப் பெறுவதில் சிரமம் எதுவும் இல்லை.

பாடநூலை எப்படிப் படிக்க வேண்டும்? சுருக்கக் குறிப்புகள் போதாவா?

சுருக்கக் குறிப்பு, ஏற்கெனவே படித்தவருக்கு நினைவூட்டும், படிக்காதவருக்கு உதவாது. வினா எடுப்பவர் பாடநூலைத்தான் திறந்து வைத்துக்கொள்கிறார். அவர் கண்ணில் முதலில் படுபவை பெட்டிச் செய்திகள், படத்தின் கீழுள்ள வரி, ‘தெரிந்து தெளிவோம்’ போன்ற பகுதிகள், அட்டவணைகள், பாடத்தின் இறுதிப் பயிற்சிகள். வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் விட்டுவிடுபவையும் இவைதான்.

ஒரு பாடத்தை முதல் முறை படிக்கும்போது எதையும் எழுதாமல் முழுவதும் படியுங்கள். இரண்டாம் முறை, அந்தப் பாடத்திலிருந்து வினா எடுப்பவராக உங்களை வைத்துக்கொண்டு, பத்துப் பதினைந்து வினாக்களை நீங்களே எழுதுங்கள். சரியான விடையுடன் மயங்கவைக்கும் மூன்று தவறான விடைகளையும் எழுதுங்கள். தவறான விடையை உருவாக்குவதற்கு அந்தக் கருத்துக்கு மிக நெருங்கியது எது என்று யோசிக்க வேண்டியிருக்கும். அந்த யோசனைதான் தேர்வறையில் நான்கு விடைகளுக்கிடையே தடுமாறாமல் காப்பது. வகுப்பறையில் வினாத்தாள் தயாரித்த பழக்கமுள்ளவர்களுக்கு இது எளிதாகக் கைவரும்.

குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் என்ற பகுதிக்குத் தனிப் பாடநூல் இல்லையே, எதைப் படிப்பது?

பலரும் இடறும் பகுதி இது. பட்டயப் படிப்பிலும் பி.எட். படிப்பிலும் நீங்கள் படித்த கல்வி உளவியல் நூல்களே அடிப்படை. அவற்றைப் பெயர்ப் பட்டியலாக மனப்பாடம் செய்வது பாதி மதிப்பெண்ணை மட்டுமே தரும். யார், எந்தக் கோட்பாடு, எத்தனை நிலைகள் என்பது ஒரு வகை வினா. வகுப்பறை நிகழ்வு ஒன்றைக் கூறி, அது எந்தக் கருத்துக்கு எடுத்துக்காட்டு என்று கேட்பது இன்னொரு வகை வினா.

முதல் வகைக்கு உரியவற்றை ஓர் அட்டவணையில் அடக்கிவிடலாம்: பியாஜேயின் அறிதிறன் வளர்ச்சி நிலைகள் 4, எரிக்சனின் சமூக உளவியல் வளர்ச்சி நிலைகள் 8, கோல்பர்க்கின் ஒழுக்க வளர்ச்சியில் 3 மட்டங்களில் 6 படிநிலைகள், தார்ண்டைக்கின் ஆயத்த விதி, பயிற்சி விதி, விளைவு விதி, ஸ்பியர்மனின் இரு காரணிக் கோட்பாடு, தர்ஸ்டனின் 7 அடிப்படை மனத்திறன்கள், கார்ட்னர் 1983-இல் முன்வைத்த பன்முக நுண்ணறிவு, ரோர்ஷாக்கின் 10 மைத்தடப் படங்கள்.

இரண்டாம் வகைக்கு எடுத்துக்காட்டுகளோடு படித்தால்தான் வழி. ஒரே அளவு நீரைக் குட்டையான பாத்திரத்திலிருந்து உயரமான குறுகிய பாத்திரத்துக்கு மாற்றினால், நீர் கூடிவிட்டது என்று சொல்லும் குழந்தை எந்த நிலையில் இருக்கிறது? பியாஜே கூறும், ஏறத்தாழ 2 முதல் 7 வயது வரையிலான, செயலுக்கு முற்பட்ட நிலையில். அளவு மாறவில்லை என்று அடுத்த நிலையில்தான் குழந்தை உணரும். மன வயது 12, கால வயது 10 என்றால் நுண்ணறிவு ஈவு என்ன? மன வயதைக் கால வயதால் வகுத்து நூறால் பெருக்க, 120.

மிகப் பலர் தவறவிடும் இடம், எதிர்மறை வலுவூட்டலையும் தண்டனையையும் ஒன்றாகக் கருதுவது. வகுப்பில் நன்றாகப் பயிற்சி செய்தவர்களுக்கு இன்று வீட்டுப்பாடம் இல்லை என்று ஆசிரியர் சொல்வது எதிர்மறை வலுவூட்டல். விரும்பாத ஒன்றை நீக்கி, விரும்பத்தக்க நடத்தையை வலுப்படுத்துகிறார். தண்டனை ஒரு நடத்தையைக் குறைக்கும் நோக்கில் தரப்படுவது. வலுவூட்டல் எந்த வகையானாலும் நடத்தையைக் கூட்டும் என்பதைப் பிடித்துக்கொண்டால் இந்த வினாவில் ஏமாற மாட்டீர்கள். அதுபோலவே, வைகாட்ஸ்கியின் அண்மை வளர்ச்சி மண்டலம் குழந்தையால் தனியே செய்ய முடிவதைக் குறிப்பதில்லை. பிறர் துணையோடு செய்ய முடிவதற்கும் தனியே செய்ய முடிவதற்கும் இடைப்பட்ட வெளியைக் குறிக்கிறது.

சட்டங்களும் திட்டங்களும் இப்பகுதியின் ஓரத்தில் நிற்பவை. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, 21 வகை இயலாமைகளைக் குறிப்பிடும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் ஆகியவற்றின் மையக் கருத்துகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

தமிழ்தானே என்று விட்டுவிடலாமா?

தமிழில் 28 எடுக்க முடிந்தவர்கள் 20-இல் நின்றுவிடுவதற்கு அந்த எண்ணமே காரணம். செய்யுள், உரைநடை, நூல், ஆசிரியர் குறிப்பு ஆகியவற்றைப் பாடநூலின் ‘நூல் வெளி’, ‘சொல்லும் பொருளும்’ பகுதிகளிலிருந்தே படித்துவிடலாம். மதிப்பெண் நழுவுவது இலக்கணத்தில்தான்.

இலக்கணத்தை வரையறையாகப் படிக்காமல் இணை இணையாகப் படியுங்கள். ‘மலர்க்கண்’ உவமைத்தொகை, ‘கண்மலர்’ உருவகம். ‘ஊறுகாய்’ வினைத்தொகை, ‘செந்தாமரை’ பண்புத்தொகை. ‘காசு’ நெடில்தொடர்க் குற்றியலுகரம். தனிக்குறிலை அடுத்து வந்ததால் ‘பசு’ முற்றியலுகரம். இவ்வாறு அருகருகே வைத்துப் பார்க்கும்போது வேறுபாடு எங்கே இருக்கிறது என்பது மனத்தில் பதியும். எண்ணிக்கை சார்ந்தவற்றையும் ஒரு பக்கத்தில் தொகுத்துக்கொள்ளலாம்: முதலெழுத்து 30, சார்பெழுத்து 10 வகை, பகுபத உறுப்பு 6, தொகைநிலைத் தொடர் 6, தொகாநிலைத் தொடர் 9, நன்னூல் கூறும் ஓரெழுத்து ஒருமொழி 42. சந்திப் பிழை, ஒருமை பன்மைப் பிழை, மரபுச் சொற்கள் ஆகியவற்றுக்கு நாள்தோறும் சில நிமிடங்கள் ஒதுக்கினால் போதும்.

ஆங்கிலம் எனக்கு வராது. 30 மதிப்பெண்ணை விட்டுவிட்டுத் தேர்ச்சி பெற முடியுமா?

கணக்களவில் முடியும், நடைமுறையில் அது பெரிய ஆபத்து. ஆங்கிலத்தை அறவே விட்டால் எஞ்சிய 120-இல் 90 எடுக்க வேண்டும், அதாவது 75 விழுக்காடு. மாறாக, 30-இல் 15 எடுக்கும் அளவுக்குப் படிப்பது அத்தனை கடினம் அன்று. காலங்கள், முன்னிடைச் சொற்கள், செய்வினை-செயப்பாட்டுவினை, நேர்க்கூற்று-அயற்கூற்று, ஒருபொருட் சொற்கள், எதிர்ச்சொற்கள் ஆகியவற்றைத் தொடக்க, நடுநிலை வகுப்புப் பாடநூல்களின் பயிற்சிகளிலிருந்தே எழுதிப் பழகுங்கள். விதியைப் படிப்பதைவிட ஒரு விதிக்கு இருபது வாக்கியங்களை எழுதிப் பார்ப்பது பயன் தரும். பத்தியைப் படித்து விடையளிக்கும் வினாக்களில் முதலில் வினாவையும் பிறகு பத்தியையும் படிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகியவற்றுக்கு என்ன வழி?

கணிதத்தைக் கண்ணால் படிக்கக் கூடாது. கையால் போட வேண்டும். பாடநூலின் எடுத்துக்காட்டுக் கணக்கை மூடிவைத்துவிட்டு நீங்களே போட்டுப் பாருங்கள். மீப்பெரு பொது வகுத்தி, மீச்சிறு பொது மடங்கு, பின்னம், விழுக்காடு, தனிவட்டி, நேர் மாறல், எதிர் மாறல், அளவியல் ஆகியவற்றில் அடிப்படை உறுதியானால் பெரும்பகுதி முடிந்தது. குழந்தை செய்யும் பிழையையும் கவனியுங்கள். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று ஒரு மாணவர் எழுதினால், மேலெண்களையும் கீழெண்களையும் தனித்தனியே கூட்டியிருக்கிறார் என்பதைக் கண்டுபிடிப்பதும் ஆசிரியருக்கான வினாவே.

அறிவியலில் வரையறை, அலகு, வாய்பாடு, எடுத்துக்காட்டு ஆகிய நான்கையும் ஒவ்வொரு கருத்துக்கும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள். சமூக அறிவியலில் ஆண்டுகள் குழப்பும். அவற்றைத் தனி எண்களாக மனப்பாடம் செய்யாமல் நிகழ்ச்சித் தொடராகப் படியுங்கள்: கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799, அதன்பின் தென்னகப் பாளையக்காரர்கள் ஒன்றிணைந்து எதிர்த்து, மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டது 1801, வேலூர்ப் புரட்சி 1806. ஒன்று மற்றொன்றுக்கு வழிவிட்ட கதை தெரிந்தால், காலவரிசைப்படுத்தும் வினா தானே அமைந்துவிடும். புவியியலைப் படிக்கும்போது நிலப்படம் பக்கத்தில் இருக்க வேண்டும். தாள் 2-இல் கணிதமும் அறிவியலும், அல்லது சமூக அறிவியல் என்னும் பகுதி மட்டும் 60 மதிப்பெண்கள் என்பதால், படிக்கும் நேரத்தில் ஐந்தில் இரண்டு பங்கை இதற்கு ஒதுக்குவது நியாயம்.

பயிற்சி மையத்தில் சேர வேண்டுமா?

கட்டாயம் இல்லை. கால ஒழுங்கும், வாராந்திரத் தேர்வும், கூடிப் படிக்கும் சூழலும் வீட்டில் அமையாதவர்களுக்கு மையம் உதவும். பாடநூலைத் தானே படிக்கும் பழக்கம் உள்ளவருக்கு, மாதிரித் தேர்வுத் தொகுப்பு ஒன்றே போதும். மூன்று நான்கு நண்பர்கள் சேர்ந்து, ஆளுக்கொரு பகுதியைப் படித்து மற்றவர்களுக்கு நடத்துவது, பல மையங்கள் தருவதைவிட மேலான பயிற்சி என்பது எங்கள் கருத்து. பிறருக்கு நடத்தும்போதுதான் எது புரியவில்லை என்பது நமக்கே தெரிகிறது.

பழைய வினாத்தாள்களை எப்படிப் பயன்படுத்துவது?

முந்தைய தேர்வுகளின் வினாத்தாள்களை அதே வினா மீண்டும் வரும் என்ற நம்பிக்கையில் புரட்டாதீர்கள். ஒவ்வொரு வினாவும் எந்த வகுப்பின் எந்தப் பாடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று தேடிக் கண்டுபிடித்து, பாடநூலின் அந்த இடத்தில் பென்சிலால் குறியிடுங்கள். இரண்டு மூன்று வினாத்தாள்களுக்கு இப்படிச் செய்தபின், குறிகள் எங்கே குவிகின்றன என்பதைப் பாடநூலே காட்டும். தவறிய வினாக்களுக்கு ஒரு தனிக் குறிப்பேடு வைத்து, தெரியாமல் தவறியதா, அவசரத்தால் தவறியதா, இரு விடைகளுக்கிடையே மயங்கித் தவறியதா என்று எழுதுங்கள். முதல் வகைக்கு மறுபடிப்பும், இரண்டாவதற்குப் பயிற்சியும், மூன்றாவதற்கு முன்பு சொன்ன இணைப் படிப்பும் மருந்து. பதிப்பு மாறுவதற்கு முந்தைய வினாத்தாள்களில் பழைய பாடநூல் சார்ந்த வினாக்கள் கலந்திருக்கும். அவை நடப்பு நூலில் இல்லை என்றால் கடந்து செல்லுங்கள்.

நான் பணியில் இருக்கும் ஆசிரியர். எனக்கும் இது கட்டாயமா? நேரத்துக்கு என்ன செய்வது?

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வருமுன் நியமனம் பெற்று, பணி ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் எஞ்சியிருக்கும் ஆசிரியர்கள் இரண்டாண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். ஐந்தாண்டுக்கும் குறைவாக எஞ்சியிருப்பவர்கள் தேர்ச்சியின்றிப் பணியில் தொடரலாம். பதவி உயர்வு வேண்டுமானால் தேர்ச்சி தேவை. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற கேள்வி கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது. தொடர்ந்து வரும் நீதிமன்ற ஆணைகளையும் அரசாணைகளையும் கவனித்து வாருங்கள்.

பல ஆண்டுகள் கற்பித்துவிட்டு மீண்டும் தேர்வெழுதுவது மனத்தை உறுத்துவது இயல்பே. அந்த உறுத்தல் நியாயமானதும் கூட. ஆயினும் தேர்வு என்று பார்த்தால், பணியில் உள்ளவருக்கு ஒரு வலு உண்டு. பாடநூல் அன்றாடம் கையில் இருக்கிறது. நீங்கள் நடத்தும் வகுப்பும் பாடமும் தவிர எஞ்சியவற்றைப் படித்தால் போதும். ஐந்தாம் வகுப்புக்கு நடத்துபவர், சக ஆசிரியரின் மூன்றாம் வகுப்பு நூலை வாங்கி ஓய்வுப் பாடவேளையில் படிக்கலாம். காலையில் ஒரு மணி நேரம் உளவியலுக்கும் இலக்கணத்துக்கும், இரவில் அரை மணி நேரம் கணக்குப் பயிற்சிக்கும், விடுமுறை நாளில் ஒரு முழு மாதிரித் தேர்வுக்கும் ஒதுக்கினால், ஆறு மாதம் போதுமான காலம். உளவியல்தான் இவர்களுக்குப் புதிதாகத் தோன்றும். படித்து நெடுநாள் ஆகியிருப்பதால் அதை முதலிலேயே தொடங்குவது நல்லது.

படித்தது மறந்துபோகிறது. எத்தனை முறை திருப்ப வேண்டும்?

மறதியைப் பற்றி உளவியலாளர் எபிங்காஸ் 1885-இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது: கற்றவற்றில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலும் முதல் நாளிலும் மறந்துபோகிறது, அதன்பின் மறதியின் வேகம் குறைகிறது. ஆகவே முதல் திருப்புதல் மறுநாளே நடக்க வேண்டும். அடுத்தது ஒரு வாரத்திலும், அதற்கடுத்தது ஒரு மாதத்திலும் நடந்தால் போதும். திருப்புதல் என்பது மீண்டும் படிப்பது அன்று; நூலை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பதும், நீங்கள் எழுதிவைத்த வினாக்களுக்கு விடை சொல்வதுமே திருப்புதல்.

தேர்வறையில் நேரத்தை எப்படிப் பங்கிடுவது?

180 நிமிடத்தில் 150 வினாக்கள் என்றால், ஒன்றுக்கு 72 வினாடிகள். தாள் 1-இல் தமிழ், உளவியல், சூழ்நிலையியல் ஆகியவற்றை ஒவ்வொன்றும் 25 நிமிடத்தில் முடித்தால், ஆங்கிலத்துக்கு 35, கணிதத்துக்கு 50 நிமிடங்கள் கிடைக்கும். 20 நிமிடங்கள் மீதம் இருக்கும். தெரியாத வினாவில் நிற்காமல், வினாத்தாளில் குறியிட்டுவிட்டு நகருங்கள். தவறுக்கு மதிப்பெண் குறைப்பு இல்லாததால் எந்த வினாவையும் விடையின்றி விட வேண்டாம். பொருந்தாத இரு விடைகளை நீக்கிவிட்டுத் தேர்ந்தெடுத்தால் இரண்டில் ஒன்று சரியாகும் வாய்ப்பு உண்டு. ஓ.எம்.ஆர். தாளில் எழுதும் தேர்வானால், கடைசியில் மொத்தமாக வட்டங்களை நிரப்பலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஒரு வரிசை மாறினால் அடுத்தடுத்த விடைகள் அத்தனையும் தவறாகும். கணினிவழித் தேர்வானால், திரையில் நீண்ட பத்தியைப் படித்துப் பழகிக்கொள்வது நல்லது. முன்பு இரு முறைகளிலும் இத்தேர்வு நடந்திருக்கிறது.

விடைக்குறிப்பில் தவறு இருப்பதாகத் தோன்றினால்?

தேர்வுக்குப் பின் வாரியம் முதலில் தற்காலிக விடைக்குறிப்பை வெளியிடும். அதில் தவறு இருப்பதாகக் கருதினால், குறிப்பிட்ட நாளுக்குள் ஆதாரத்துடன் ஆட்சேபம் தெரிவிக்கலாம். பாடநூலின் பக்கமே வலுவான ஆதாரம்; வழிகாட்டி நூல்கள் ஏற்கப்படுவது அரிது. ஆட்சேபங்களைப் பரிசீலித்த பின்னரே இறுதி விடைக்குறிப்பு வரும்.

மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வையும் சேர்த்து எழுதலாமா?

கேந்திரிய வித்யாலயா, நவோதயா பள்ளிகளில் பணியாற்ற விரும்பினால் எழுதலாம். அதை நடத்துவது மத்திய இடைநிலைக் கல்வி வாரியம். மொழித்தாளாகத் தமிழைத் தேர்ந்துகொள்ள முடியும் என்றாலும், மற்றப் பகுதிகளின் வினாக்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். கணிதம், மொழி, சூழ்நிலையியல் ஆகியவற்றில் பாதி வினாக்கள் கற்பிக்கும் முறை பற்றியவை. ஆகவே, பாடநூல் செய்திகளை நம்பி மாநிலத் தேர்வுக்குப் படித்தவர் இதற்கெனத் தனியே பயிற்சி எடுக்க வேண்டும்.

தேர்ச்சி பெற்றால் வேலை உறுதியா? சான்றிதழ் எவ்வளவு காலம் செல்லும்?

இது தகுதிக்கான தேர்வு. நியமனத்துக்கான தேர்வு அன்று. முன்பு தகுதித் தேர்வு மதிப்பெண்ணுடன் பள்ளி, கல்லூரி மதிப்பெண்களையும் சேர்த்து ‘வெயிட்டேஜ்’ முறையில் நியமனம் நடந்தது. 2018-ஆம் ஆண்டின் அரசாணைக்குப் பின், தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றவர்கள் தனியாக ஒரு போட்டித் தேர்வை எழுத வேண்டும். 2024-இல் பட்டதாரி ஆசிரியர்களுக்கும் இடைநிலை ஆசிரியர்களுக்கும் அத்தகைய தேர்வுகள் நடந்தன. அவற்றில் கட்டாயத் தமிழ் மொழித் தகுதிப் பகுதியும் இருந்தது. அதில் 50-க்கு 20 மதிப்பெண் பெற்றால்தான் முதன்மைப் பகுதி திருத்தப்படும்.

தொடக்கத்தில் சான்றிதழுக்கு ஏழாண்டுக் காலவரம்பு இருந்தது. அது நீக்கப்பட்டு, 2011 முதல் பெற்ற சான்றிதழ்களும் உட்பட, வாழ்நாள் முழுவதும் செல்லும் என்று 2021 ஜூனில் மத்தியக் கல்வி அமைச்சகம் அறிவித்தது. எனவே 2013-இல் தேர்ச்சி பெற்றவர் சான்றிதழுக்காக மீண்டும் எழுத வேண்டியதில்லை. அவர் நேரடியாகப் போட்டித் தேர்வுக்கு, அதன் பாடத்திட்டத்தைப் பார்த்துப் படிக்கத் தொடங்கலாம்.